நோட்டில் வரையாமல் விட்ட நாற்காலி

பினாங்குக்குப் போய் வந்தவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வெளியூர் போய் வந்தவனிடம் ஊர் எப்படி, மனிதர் எப்படி என்றுதான் கேட்பார்கள். என்னிடம் அதெல்லாம் கேட்பதில்லை. "இன்னாபா, அந்த ஹாலு இன்னா ஆச்சி?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் இத்தனை நாள் சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

போனது கல்யாணக் காரியமாக. பெண் ரோஸி, என் மனைவி பிலோமினாவின் அக்கா மகள். தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு ராயபுரத்தில் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீடு என்று சொல்லிவிட்டேன். அது என் மாமனார் லாசர் கட்டிய வீடு. நான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை.

மாமா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஒருநாள் தூக்கிய இரும்பு நழுவி இடுப்பில் விழுந்தது. அதோடு கால் இரண்டும் போயிற்று. அதற்கப்புறம் முன்னறையில் தெருப்பக்கத்து ஜன்னலோரம் ஒரு கேன்வாஸ் நாற்காலிதான் அவருக்கு உலகம். அந்த ஜன்னலே கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வரும் பலகையை இழைத்து அவர் கையால் செய்தது. அங்கே உட்கார்ந்தபடி கப்பல் ஊதும் சங்கை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவார். வியாசர்பாடியிலிருந்து துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளை ஜன்னலில் சாய்த்துவிட்டு அவரிடம் கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

"நைனா, இன்னிக்கி இன்னா வந்துகீது?" என்பான் எத்திராஜ். மூட்டை தூக்குகிறவன்.

"ரெண்டு. ஒண்ணு தொண்ட கட்னவன் மாரி ஊதறான், அவன் கோதுமைக்காரன். கொக்கி எட்த்துக்கினு போ. இன்னொருத்தன் மாமியா சோத்துக்கு கூப்புட்ற மாரி இழுக்கறான். அவன்கிட்ட போவாத, பூரா இரும்பு."

மூட்டைக் கப்பலென்றால் கொக்கி, இரும்பென்றால் சும்மா கை. அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். வேலைக்குப் போக முடியாதவர் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்னறை முழுக்கப் பீடிப் புகை, ஜன்னல் கம்பியில் அழுக்குக் கை, விருந்தாளி வந்தால் உட்கார வைக்க ஓர் இடம் இல்லை என்பதுதான்.

கப்பலேறிய அன்று ரோஸி மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு மூன்று தரம் ஊதியது. காது அடைத்துவிட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"சித்தப்பா, தாத்தா இத்த கேட்டுகினு இருப்பாரு. நான் வரும்போதும் இதே கப்பல்லதான் வருவேன், சங்கக் கேட்டு சித்தப்பாவ அனுப்புன்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

"அனுப்புவாரு, அனுப்புவாரு. மூக்கத் தொடச்சிக்க" என்றேன்.

கடலில் ஆறு நாள். முதல் இரண்டு நாள் நான் மனிதனாக இல்லை. கப்பல் சமையல்காரனைப் பண்டாரி என்கிறார்கள். அவன் பெரிய கரண்டியால் சோறும் பருப்பும் தட்டில் தட்டிவிட்டுப் போவான்; அதைப் பார்த்தாலே வயிறு மேலே வரும். மூன்றாம் நாள் பண்டாரி என் பக்கத்தில் குந்தி அவன் பாஷையில் ஏதோ சொன்னான். பாஷை தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தார்: "கடலைப் பார்க்காதே, தட்டைப் பார். தட்டு ஆடாது." அப்படியே செய்தேன். தட்டும் ஆடியது. ஆனாலும் அந்த வார்த்தை பிடித்துப்போய் எழுதி வைத்தேன். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம். யார் எதை அழகாகச் சொன்னாலும் நோட்டில் குறித்துவிடுவேன். இடப்பக்கம் முழுக்க ஜனங்கள் சொன்னது. வலப்பக்கம் காலி. அந்த வலப்பக்கம் எதனால் நிரம்பியது என்பதுதான் இந்தக் கதை.

பினாங்கில் இறங்கியதும் சம்பந்தி அந்தோணி வந்திருந்தார். காலடிப்பேட்டையிலிருந்து போன குடும்பம். அவருடைய அப்பா காலத்திலேயே போய்விட்டார்கள். அவர் எங்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றினார். நம் ஊர் ரிக்‌ஷாவில் இழுக்கிறவன் முன்னால் ஓடுவான். முதுகைப் பார்த்துக்கொண்டு தைரியமாக உட்காரலாம். அங்கே மிதிக்கிறவன் பின்னால். நமக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. லாரி வந்தால் முதலில் நாம்தான். ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் வந்ததும் நான் மாதாவைக் கூப்பிட்டு இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டேன். பின்னால் சீனக் கிழவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏதோ சொன்னான்.

"இன்னா சொல்றாரு சம்பந்தி?"

"காலைத் தூக்கினா பஸ் நின்னுடுமான்னு கேட்கிறான்" என்றார் அந்தோணி.

இடப்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பிறகு அந்த வீடு. வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் லைன் வீடு மாதிரிதான், ஒட்டி ஒட்டி. உள்ளே காலை வைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். தரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட லினோலியம் விரிப்பு. முகம் தெரிகிற மாதிரி. வாசலில் இடுப்பளவுக்கு ஆடுகிற இரட்டைக் கதவு. தள்ளினால் போகும், தானே வந்து சேரும். சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே கண்ணாடி மணியில் கோத்த திரை; யாராவது நுழைந்தால் மழை பெய்கிற மாதிரி சத்தம். சுவரோரம் ஆளுயர ஷோகேஸ். அதற்குள் பூப்போட்ட கோப்பைகள், பீங்கான் மீன், ஒரு சின்ன வெள்ளை யானை. சுவர் கிளிப்பச்சை. விட்டம் வானத்து நீலம்.

நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். எங்கள் முன்னறை இப்படித்தான் ஆகப்போகிறது.

மறுநாள் காலை பசியாறிய பிறகு ரோஸியின் தையல் நாடாவை வாங்கிக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன். ஸ்டோர்கீப்பர் கை, சும்மா இருக்குமா? கதவு எத்தனை உயரம், மணித்திரைக்கு எத்தனை சரம், ஷோகேஸுக்கு எத்தனை தட்டு, எல்லாம் வலப்பக்கத்தில் படம் போட்டு எழுதினேன். அந்தோணியின் மனைவி மணித்திரைக்குப் பின்னால் நின்று சிரித்தது கேட்டது.

ஹாலுக்கு நட்டநடுவில், வாசலைப் பார்த்து, ஒரு பிரம்பு நாற்காலி. அதில் அந்தோணியின் அப்பா. எண்பதைத் தாண்டியவர். காது சுத்தமாகக் கேட்காது. பக்கத்தில் துப்பும் பாத்திரம், விசிறி, ஜெபமாலை. உள்ளே வருகிறவர் யாரானாலும், மீன்காரி முதல் அந்தோணியின் மேஸ்திரி வரை, முதலில் அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அவர் தூங்கினால் வீடே கிசுகிசுவென்று பேசும்.

எனக்கு அவர் இடைஞ்சலாக இருந்தார். நாற்காலிக்கு அடியில் எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். தோளைத் தொட்டு, காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் இரண்டு கையாலும் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிற குழந்தை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எண்ணிக்கொண்டேன். பதினாறு கட்டம்.

மூன்றாம் நாள் லினோலியம் வாங்கத் தனியாகக் கிளம்பி, பஸ் மாறி ஏறி, மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் இறங்கிவிட்டேன். சுற்றிலும் குரங்கு. என் தொப்பியை ஒன்று கொண்டு போயிற்று. பசி வேறு. தோளில் காவடி மாதிரிக் கூடை சுமந்து சோறு விற்ற காலத்துப் பெயரிலேயே அங்கே ஒரு சாப்பாடு இருக்கிறது, நாசி கண்டார் என்று. நம் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் கடை. சோற்றின் மேல் நாலு குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார். "பாய், எது மீன், எது கறி?" என்றேன். "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான், சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தாலும் ருசியாலும். எங்கள் ராயபுரத்துச் சுறாப்புட்டுக்கு அடுத்தபடி அதைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் அந்தோணியே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரி சீன அம்மாள். சுருட்டு சுருட்டாக லினோலியத்தை நிறுத்தி வைத்திருந்தாள். அளவைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டாள்.

"யார் யார் எங்க உட்காருவாங்கன்னு கேட்கிறா" என்று அந்தோணி சொன்னார். "நாற்காலி போடற இடத்துல தேயுமாம். அதுக்குத் தகுந்த கனம் தருவாளாம்."

"யாரும் உக்கார மாட்டாங்க. பாக்கறதுக்குத்தான்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் தன் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். "பார்க்கிறதுக்குத் தரை வாங்குற ஆளை இப்பதான் பார்க்கிறேன்னு சொல்றா" என்றார் அந்தோணி. நானும் சேர்ந்து சிரித்தேன். அதையும் இடப்பக்கம் எழுதினேன்.

கல்யாணத்துக்கு முந்தின பகல். ரோஸி மருதாணிக் கையோடு என் நோட்டைப் புரட்டினாள். தைக்கிறவள், அளவு தெரிந்தவள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"சூப்பரா போட்டுகீற சித்தப்பா. யானைக்கி வாலு மொதக்கொண்டு கீது. தாத்தா நாற்காலி இல்லியே?"

"எந்தத் தாத்தா?"

"இந்த வூட்டுத் தாத்தா. நடுவுல கீறாரே."

"அது சாமான்ல சேராதும்மா."

அவள் நோட்டை மூடிக் கொடுத்தாள். "ஆமா, சேராது" என்றாள்.

நான் சொன்னது எனக்கே நன்றாக இருப்பதாகத் தோன்றியது. அதையும் எழுதி வைத்தேன். 'சாமான்ல சேராது.' அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நான் ஆளுயர லினோலியச் சுருட்டோடு திரும்பினேன். துறைமுக வாசலில் எத்திராஜ் என்னைப் பார்த்துவிட்டுச் சுருட்டைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

"இன்னா மாமு, பொண்ண வுட்டுட்டு பாய வாங்கினு வந்துகீற?"

"பாய் இல்லடா. தரை."

"தரையா! நம்மூர்ல தரை இல்லியா?"

வீடு வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். மாமா ஜன்னலிலிருந்து கையை நீட்டி என் தோளைப் பிடித்தார். "நீ வந்த கப்பலு கால் மணி முன்னாடியே ஊதிட்டான் மாப்ளே. கொழந்த அழுதுச்சா?" என்றார். கப்பலேறிய அன்று மூன்று தரம் ஊதியதில் இரண்டாவது கொஞ்சம் பிசிறியதாகச் சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் கேட்டதாக நினைவில்லை.

மறு மாதமே வேலை தொடங்கினேன். சுவருக்குக் கிளிப்பச்சை. விட்டத்துக்கு நீலம். இடுப்பளவுக் கதவு. மணித்திரையைப் பிலோமினா மூன்று வாரம் உட்கார்ந்து கோத்தாள். ஷோகேஸ் வந்ததும்தான் சிக்கல். எங்கள் முன்னறை சின்னது. ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் உள்கதவு, ஒரு பக்கம் சாய்வான பழைய சுவர். ஷோகேஸ் நிற்கிற மாதிரி இருந்தது ஜன்னல் சுவர் ஒன்றுதான்.

"அப்பா எங்க குந்துவாரு?" என்றாள் பிலோமினா.

"அடுப்பங்கரைப் பக்கம். அங்க மேல ஒரு காத்து ஓட்டை இருக்கில்ல. குளிர்ச்சியா இருக்கும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். "ஆவட்டும். எனுக்கு எங்க குந்துனா இன்னா? மாப்ள ஆசப்படுது" என்றார்.

ஜன்னலை மூடித் தாழ் போட்டு அதை மறைத்து ஷோகேஸை நிறுத்தினேன். தெரு முழுக்க வந்து பார்த்தது. "ஏ யப்பா, கப்பலு மாரி கீது" என்றார்கள். எனக்கு மனசு பூரித்துப்போயிற்று. மாமாவின் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் அடுப்படிச் சுவரோரம் போட்டேன்.

எத்திராஜும் மற்றவர்களும் முதலில் சில நாள் வந்தார்கள். இடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாமாவிடம் பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அடுப்படியில் சட்டி பானைச் சத்தத்தில், சுற்றிலும் சுவர் அடைத்த இடத்தில், அவருக்குச் சங்கு சரியாக எட்டவில்லை. "தெரிலடா. ஏதோ ஊதுச்சி" என்பார். ஒருநாள் கந்தகக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு எத்திராஜ் அப்படியே வந்தான். சிவப்பு வெள்ளைக் கட்டத்தில் வாசலிலிருந்து அடுப்படி வரை மஞ்சள் மஞ்சளாகக் கால் தடம். நான் அவன் பார்க்கவே ஈரத்துணியைக் கொண்டு வந்து, அவன் பின்னாலேயே ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டு போனேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமு, கோயிலா? சொல்லிர்ந்தா கால் கழுவிகினு வந்துருப்பேனே" என்றான். கோபமே இல்லை. அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. வீடு சுத்தமாக இருந்தது.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

ரோஸி கடிதம் போட்டாள். பெண் குழந்தைக்கு ஒரு வயது ஆகிறது, தாத்தாவுக்குக் காட்ட வேண்டும், புருஷனுக்கு லீவு இல்லை, மாமனார் கூட வருகிறார் என்று. கப்பல் திங்கட்கிழமை வரும் என்று எழுதியிருந்தாள். அது ஞாயிற்றுக்கிழமை காலையே வந்துவிட்டது. முன்பானால் மாமாவுக்குச் சங்கிலேயே தெரிந்திருக்கும். காலையில் நானும் பிலோமினாவும் கோயிலுக்குக் கிளம்பும்போது, மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, வழக்கம்போல வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். ஜன்னல் இருந்த காலத்தில் அந்தப் பூட்டு ஒரு பூட்டே இல்லை. தெருவே அவரோடு பேசிக்கொண்டிருக்கும்.

பூசை முடிந்து திரும்பினால் எங்கள் வாசலில் கூட்டம். கையிழுக்கும் ரிக்‌ஷா ஒன்று நிற்கிறது. டிரங்குப் பெட்டி மேல் ரோஸி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. அந்தோணி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். ஒரு மணி நேரமாக அப்படி.

உள்ளேயிருந்து, எங்கேயோ ஆழத்திலிருந்து, மாமாவின் குரல்: "ரோஸி! போய்ட்டியா? கீறியா?"

"கீறேன் தாத்தா! இங்கியேதான் கீறேன்!" என்று அவள் மூடிய ஜன்னலைத் தட்டினாள். தட்டத் தட்ட உள்ளே ஷோகேஸில் கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"பாப்பா அழுவுதாம்மா?"

"இல்ல தாத்தா, நீ கத்தறதப் பாத்து சிரிக்குது!"

பக்கத்து வீட்டு மரியம்மா என்னைப் பார்த்து, "வந்துட்டாருபா ஹால்காரரு" என்றாள். கூட்டம் விலகி வழி விட்டது. பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்றது.

திறந்ததும் ரோஸி நிற்கவில்லை. இடுப்புக் கதவு, லினோலியம், மணித்திரை, எதையும் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே சத்தம் வந்த பக்கம் போனாள். மணித்திரை மழை மாதிரி இரைந்து அடங்கியது. அப்புறம் உள்ளே அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

அந்தோணி ஹால் நடுவில் நின்றார். மெல்லச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சம்பந்தி, எங்க வீடேதான்! யானைகூட இருக்கு!" என்றார். பிறகு அவர் கண் தரையில் எதையோ தேடியது. தன் வீட்டில் நாற்காலி இருக்கிற இடத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார்.

"அந்த நாற்காலியை இன்னும் எடுக்கல நாங்க" என்றார். "வர்றவங்க இன்னும் அதைத் தொட்டுட்டுத்தான் போறாங்க." சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "ஷோகேஸை நகர்த்தணும்னா நானும் ஒரு கை பிடிக்கிறேன், சம்பந்தி."

நான் ஷோகேஸைத் திறந்து முதலில் யானையை வெளியே எடுத்தேன்.

அன்று பிற்பகல் கோப்பைகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டோம். ஷோகேஸை இரண்டு பேருமாக நகர்த்தியபோது அதற்கடியில் லினோலியம் வாங்கின அன்று போலவே பளபளவென்று இருந்தது. ஜன்னல் தாழ் துருப்பிடித்து ஒட்டிவிட்டது; சுத்தியால் தட்டித்தான் திறக்க முடிந்தது. காற்றும் உப்பும் மீன் வாடையும் ஒன்றாக உள்ளே வந்தன. மாமாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தோம். இரண்டு வருஷத்தில் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று தூக்கும்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. அவர் கம்பியை ஒவ்வொன்றாகவும், பிறகு ஜன்னல் சட்டத்தையும் தொட்டுப் பார்த்தார். "நம்ம பலக, உளுத்துப்போவல" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை. நான் அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். வெறுங்கால். மணித்திரையை முந்தின நாளே கழற்றியாயிற்று. ஹாலுக்குள் வந்ததும் வெளியே சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. எத்திராஜ்.

"நைனா! ஜன்னல் தொறந்துகீதே! உயிரோடதான் கீறியா நீ?"

"ஏன்டா, என்ன பொதச்சிட்டியா?"

"சொம்மா சொன்னேன் நைனா. இன்னா ஷோக்கா குந்திகீற! சரி, ஜல்தியா சொல்லு. இன்னிக்கி இன்னா வந்துகீது? கொக்கி எட்த்துகினு போவட்டா?"

அந்த நேரத்தில்தான் துறைமுகத்திலிருந்து சங்கு ஊதியது. நீளமாக ஒன்று, நடுவில் உடைந்து மறுபடி ஒன்று. மாமா பழையபடி தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. எத்திராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மறுபடி ஊதியது. மாமாவின் விரல் நாற்காலிக் கையில் தட்டித் தட்டி நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கப்பல்களில் பல இப்போது வருவதில்லை. இப்போது வருகிறவை எப்படி ஊதும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"தெரிலடா எத்திராஜி" என்றார். எத்திராஜ் அவரைத் தாண்டி, பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். அது மாமாவுக்கு எப்படித் தெரிந்ததோ, உடனே குரலை உயர்த்தினார். "காது மந்தமாய்ட்ச்சிடா. வயசாச்சில்ல. வேற ஒண்ணியும் இல்ல."

"அப்டியா நைனா?" என்றான் எத்திராஜ். "பரவால்ல. நான் போய் பாத்துட்டு வந்து சொல்றேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுஹாலில் நின்றேன். நகரவில்லை. மூச்சுகூடப் பலமாக விடவில்லை. லினோலியத்தில் என் கால் சத்தம் யாருக்கும் கேட்காது.

மாமா தெருவைப் பார்த்தபடியே, திரும்பாமலே சொன்னார்:

"அங்கியே நின்னுகினு இருந்தா காபி ஆறிடும் மாப்ளே."